நாற்பதுக்கு மேல் ஏறாத வீரன்

யுத்த காலத்து வாழைச்சேனையில் ஓடாத ஒரே மனிதர் ஆறுதல் அண்ணன்தான். ஷெல் சத்தம் கேட்டால் ஊரே மதில் பாயும். அவர் கோப்பையின் அடியில் மிஞ்சிய சீனியைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருப்பார். எதற்கெடுத்தாலும், அவசரப்படாதே என்பதற்கு, "ஆறுதலா, ஆறுதலா" என்று சொல்லியே வாங்கிய பெயர். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும். நானோ எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, அவர் கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தியவன். டியூப் வெடித்தாலே நிலத்தில் படுத்துவிடுவேன்.

அண்ணன் வைத்திருந்தது டெலிபோன் கொமினிகேசன், காசு கொடுத்துப் பேசும் கடை. பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர், அதில் ஒரே ஒரு கேம். கொழும்பிலிருந்து வந்த, பெயரெழுதாத சீடி. அதில் ஒரு வீரன். அவனுக்குக் காடும் ஆறும் ஊருமாய்ப் பெரிய தேசம். எங்கே வேண்டுமானாலும் நடப்பான். அடையாள அட்டை காட்டாமல் ஒருவன் பாலம் கடப்பதை நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். பழகப் பழக அவனுக்கு லெவல் ஏறும். நாற்பதோடு நின்றுவிடும். பிறகு தலைகீழாய் நின்றாலும் ஏறாது. இன்னொரு வில்லங்கம், அவன் லெவல் ஏறினால் எதிரில் வரும் மிருகம், ராட்சதன் எல்லாவற்றின் பலமும் கூடவே ஏறும்.

ஐந்தாறு பேருக்கும் ஒரே வீரன்தான்; முறை வைத்து விளையாடுவோம். ஒரு லெவல் ஏறினால், புது ஊர் ஒன்றைப் பார்க்காமல் அடுத்த லெவலுக்குப் போகக்கூடாது. இது அண்ணன் போட்ட சட்டம். யாராவது மீறப்போனால் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார். ஓநாய் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஓடு" என்றார், அந்த ஓடாத மனிதர்.

எங்களில் நசீர் ஏறாவூர்ப் பொடியன். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்க வருவான். அவனுக்குக் கட்டார் விசா வந்துவிட்டது. பறப்பதற்குள் வடக்கு மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று தவித்தான். மலை வழியில் ஒரு ராட்சதன் நின்றான்.

"அண்ணே, வாற கிழமை போறன். சுறுக்கா ஏத்தி உடுங்களன்."

"ஏத்தலாம் தம்பி. நாப்பது வந்தா மறுகா? என்னத்துக்கு விடிய எழும்பிக் கடைக்கு வாற?"

"நான்தான் கட்டார்ல இரிப்பனே!"

"நீ போயிருவாய். மத்தவனுகள் இஞ்சதானே கிடக்கப்போறானுகள்."

அண்ணன் பகல் சாப்பாட்டுக்குப் போனால், உண்டு, உறங்கி, முகம் கழுவித் திரும்ப அந்தியாகும். அந்த நேரம் பார்த்து நசீர் ஒரு வேலை செய்தான். அந்தக் கேமில் சும்மா குதித்தாலும் லெவல் ஏறும். வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றைக் கொண்டுவந்து, குதிக்கும் பட்டனின் மேல் வைத்துவிட்டான். வீரன் ஒரு சுவரைப் பார்த்தபடி அந்திவரை குதித்தான்.

"டேய், சூடாகி வெடிக்கும்டா!" என்று பதறினேன்.

"நீ உன்ட டியூப்பப் பாரு மச்சான்."

அண்ணன் வந்தபோது வீரன் நாற்பதைத் தொட்டிருந்தான். நசீர் அதையே சேமித்தும் வைத்துவிட்டான், பழையது அழிந்துபோனது. பெருமையாக ஊர் வாசலைத் தாண்டவிட்டான். காட்டுப்பன்றி ஒன்று வந்தது, எருமை அளவில். ஒரே முட்டுத்தான். மறுபடி எழுப்பினால் மறுபடி முட்டு. வீரனுக்கு வாள் பிடிக்கும் பழக்கமே இல்லை.

"குதிச்சுக் குதிச்சு ஏறினவனுக்குக் கால் மட்டும்தான் பெருக்கும், தம்பி" என்றார் அண்ணன்.

நசீர் அழுதேவிட்டான். அண்ணன் ஏசவில்லை. புது வீரன் ஒருவனை ஒன்றிலிருந்து தொடங்கினார். "இவன் மலையடியில நிப்பான். நீ வராம ஒருத்தனையும் ஏற உடமாட்டன்."

"ரெண்டு வருசக் கொன்றாக்ட் அண்ணே, இடையில வர ஏலா!"

"நிக்கட்டும்."

நசீர் கட்டார் போனபின் சண்டை மறுபடி மூண்டது. நாங்கள் அரிசியோடும் சட்டிபானையோடும் ஓடினோம். அண்ணன் கம்ப்யூட்டர்ப் பெட்டியை யூரியா பையில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, உருட்டிக்கொண்டு நடந்தார். ராணுவச் சென்றியில் சிப்பாய் மறித்து, என்ன என்றான்.

"உள்ளுக்கு ஒரு ஆள் இரிக்கார்" என்றார் அண்ணன்.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. பெட்டியைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளேயிருந்து தூசியும் ஒரு கரப்பானும் வந்தன. கரப்பானைப் பார்த்துச் சிப்பாயே சிரித்துவிட்டான். அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

அகதி முகாமில் கரண்ட் இல்லை. "பெட்டிக்கும் சோத்துப் பார்சல் எடுங்கோ அண்ணே" என்று சனம் கிண்டலடித்தது. ஊர் திரும்பியபின் பொடியன்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், ஏசிப் பார்த்தார்கள். தென்பக்கம் எங்கும் அலையலாம், மலைப்பக்கம் கூடாது. நானே கேட்டேன், "அவன் வராமலே போனா?"

"வருவான்" என்றார். அவ்வளவுதான்.

நசீர் வந்தான், கொஞ்சம் தொந்தியோடு. பின்னறையில் வீரன் மலையடியில் நின்றான், ஒன்பதாம் லெவல்.

"ஒருக்காவாச்சும் ஏறிப் பாக்கல்லயா அண்ணே?"

"உனக்குச் சொன்ன சொல்லு கிடக்கெல்லா?"

வீரன் சின்னவன் என்பதால் ராட்சதனும் சின்னவனாகத்தான் இருந்தான். நாலு வெட்டில் விழுந்தான். நசீர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினான்.

உச்சியிலிருந்து என்ன தெரிந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் ஆறுதல் அண்ணனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.