வைஃபையில் நான்காவது கருவி

கேட்டவர்களுக்கு மட்டும் கருத்துச் சொல்லும் பழக்கம் எனக்கு இருந்திருந்தால், இதை எழுத வேண்டி வந்திருக்காது.

கணினி சம்பந்தப்பட்ட எதிலும் எனக்குக் கருத்து உண்டு. லேப்டாப் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதே, ராம் எத்தனை ஜிபி என்று பார். பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் கிழட்டு லேப்டாப்பும் எழுந்து ஓடும். ரூட்டரை பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு நெட் கம்பெனியைத் திட்டாதே. இவற்றையெல்லாம் எண் போட்டுத்தான் சொல்வேன். (டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரப் பிரிவில் சேர்ந்ததிலிருந்து, எண் போடாமல் எனக்கு இருமல்கூட வருவதில்லை.)

பக்கத்தில், வடக்குப்பட்டில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் நானும் முத்துலட்சுமி அக்காவும் வாடகைக்கு இருந்தோம். அக்கா அதே தொழிற்சாலையில் அசெம்ப்ளி லைனில் வேலை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். என்னைவிட மூன்று வயது மூத்தவர். வைஃபை என் பெயரில் இருந்தது. ஆகவே சட்டமும் என்னுடையது. சுவரில் ஒரு தாளில் ஒட்டியிருந்தேன்: ஒன்று, ஆளுக்கு ஒரு போன். இரண்டு, என் லேப்டாப் தனி. மூன்று, ஆள் இல்லாத நேரத்தில் எதுவும் சார்ஜில் இருக்கக் கூடாது. அக்கா அதை ஒருமுறை படித்துவிட்டு, "எங்க ஸ்கூல்லகூட இவ்வளவு இல்லட்டி" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் நெட் ஆமையாக நகர்ந்தது. பத்து நாளில் எனக்கு ஒரு புது வேலைக்கு ஆன்லைன் நேர்காணல் வேறு. லைனில் பிழை வந்தால் என்ன செய்வோமோ அதையே வீட்டிலும் செய்தேன். செக் ஷீட் போட்டு, ஒரு வாரம் காலையும் மாலையும் வேகத்தைக் குறித்தேன். பிறகு ரூட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். மூன்று கருவிகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தன. நான்காவதன் பெயர் வெறும் எழுத்தும் எண்ணுமாக இருந்தது. இரவு பகலாக இணைப்பிலேயே கிடந்தது.

"முத்தக்கா, உங்ககிட்ட ஒரு போன்தானே?"

அக்கா சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். "ஒண்ணுதான்" என்றார்.

அந்தப் பார்வையை நான் கவனித்திருக்க வேண்டும். பாகத்தில் முடி அளவு கீறல் இருந்தால் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

திருடர் மாடியில்தான் என்று முடிவு கட்டி, செக் ஷீட்டோடு ஹவுஸ் ஓனர் அக்கா வீட்டுக்கு ஏறினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா இது, கரண்ட் பில்லா?"

"இல்லக்கா. எங்க வைஃபையை வெளியாள் யாரோ யூஸ் பண்றாங்க."

"அதுக்கு எங்க வூட்டுக்கு வந்துகிறியே, நான் திருடினேன்னு சொல்றியா?" உள்ளே போய் ஒரு பட்டன் போனை எடுத்து வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "எங்க வூட்ல கீறது இது ஒண்ணுதான். இத்தால தேங்கா ஒடைக்கலாம், டார்ச் அடிக்கலாம். நெட்டு வருமா? படிச்ச பொண்ணாச்சேன்னு வூடு குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். படியிறங்கும்போதுகூட எனக்கு வெட்கமில்லை, கோபம்தான். மறுநாள் அதிகாலை, கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், அந்த நான்காவது கருவியைத் தடை செய்தேன். ஒரே ஒரு தட்டு. செக் ஷீட்டில் "பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதியம் ஷிஃப்ட் முடிந்து அக்கா தன் போனை எடுத்தபோது ஊரிலுள்ள அவர் அம்மாவிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துதான் திருப்பி அழைத்தார். அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்:

"நிவி, நெட்ல ஏதும் பண்ணியாட்டி?"

நான் பெருமையாகச் சொன்னேன். (ஆம், பெருமையாக.)

வீட்டுக்கு வந்ததும் அக்கா அரிசி டின்னை நகர்த்தினார். பின்னால், திரை உடைந்த ஒரு பழைய போன், சிம் இல்லாமல், சார்ஜில் இருந்தது.

"எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். ஒரு பக்கம் விழுந்துபோச்சு, பேச்சும் வராது. காது மட்டும் நல்லா கேக்கும். அம்மா விடியுமுன்னே காட்டுல களையெடுக்கப் போயிட்டா வீட்ல யாருமில்ல. அதான் இதுல நெட் கால் போட்டு, கட் பண்ணாமலே வச்சிருப்பேன். அம்மா அவரு காதுகிட்ட போன வச்சிட்டுப் போவா. இங்க ஃபேன் ஓடுதது, குக்கர் விசிலு, நாம பேசுதது, நாம வேலைக்குப் போயிட்டா தெருச் சத்தம், எல்லாம் கேட்டுக்கிட்டே கெடப்பாரு. இன்னைக்கு திடீர்னு சத்தம் நின்னுபோச்சா, எனக்குத்தான் என்னமோ ஆயிட்டுன்னு எந்திரிக்கப் பாத்திருக்காரு."

கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறார். அம்மா மதியம் வந்து பார்க்கும்வரை தரையில் கிடந்திருக்கிறார். புருவத்தில் நான்கு தையல்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ பேசுததையும் ஒருத்தர் கேக்காருன்னு சொல்லாதது தப்புதான்" என்றார் அக்கா. பிறகு சுவரைக் காட்டினார். "ஆனா அந்த லிஸ்ட்ல எங்கப்பாவ எத்தனாவதா எழுதச் சொல்லிக் கேக்க?"

நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

தடையை நீக்கினேன். பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தேன். அக்கா மறுபடி அழைத்து இணைப்பு வந்ததும் அந்த உடைந்த போனை வாயருகே வைத்து, வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒரே முறையில் மன்னிப்புக் கேட்டேன்.

"அப்பா, நான் நிவேதா. ஒண்ணு, முத்தக்கா நல்லா இருக்காங்க. ரெண்டு, லைனைக் கட் பண்ணது நான்தான். மூணு..."

மூன்றாவதாக எதுவும் வரவில்லை. அழுகைதான் வந்தது. அந்தப் பக்கம் தொண்டையிலிருந்து 'ம்... ம்...' என்று ஒரு சத்தம்.

"சிரிக்காரு தாயி" என்றார் அக்காவின் அம்மா. "நீ ஒண்ணு ரெண்டு போட ஆரம்பிச்சாலே சிரிப்பாரு. தெனம் கேக்காருல்ல."

அப்போதுதான் உறைத்தது. ராம், எஸ்எஸ்டி, ரூட்டர் என்று மாதக்கணக்கில் நான் நிகழ்த்திய உரைகள் அனைத்தையும், எழுந்து போக முடியாத ஒரு மனிதர் முழுதாகக் கேட்டிருக்கிறார்.

அப்பாவின் லைன் அறுந்திருந்தபோதும் திரும்பிய பின்னும் நெட் ஒரே வேகத்தில்தான் இருந்தது. நேர்காணலில் என் முகம் பாதியில் உறைந்து நின்றது. வேலை கிடைக்கவில்லை. பிறகு தேடியபோது, நெட்டை விழுங்கிக்கொண்டிருந்தது என் லேப்டாப்தான் என்று தெரிந்தது. என் படங்களையும் பாட வீடியோக்களையும் விடாமல் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தது. அதற்கு 'சரி' கொடுத்தவளும் நானே. அதன் முன் ஒரு குரல் அழைப்பு கொசுக்கடி. அளக்கும் முன் அளக்கும் கருவியைச் சோதி என்பது தரப் பிரிவில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். நான் எல்லாரையும் சோதித்தேன், என்னைத் தவிர. மாடிக்கு ஏறி மன்னிப்புக் கேட்டபோது ஹவுஸ் ஓனர் அக்கா பட்டன் போனை ஆட்டிக் காட்டி, "இன்னா, இதுல நெட்டு வந்துச்சா?" என்றார்.

சுவரில் இருந்த தாளைக் கிழித்தேன். உடைந்த போன் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து மேசைக்கு வந்தது. ரூட்டரில் நான்காவது கருவிக்கு 'அப்பா' என்று பெயர் வைத்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவருக்கு அன்றைய கருத்தைச் சொல்வேன். பிரிண்டர் வாங்குவதைவிடக் கடையில் பிரிண்ட் எடுப்பது மேல், இப்படி ஏதாவது. அவர் 'ம்' என்பார். என் கருத்துகளுக்கு அதுபோல் ஓர் ஆதரவு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

ஏழு மாதம் அப்படிப் போனது. தைப் பொங்கல் கழிந்த வாரம் அக்கா அவசரமாக ஊருக்குப் போனார். அன்று மாலை என்னை அழைத்தார்.

"நிவி, அப்பா..." என்றதோடு லைன் அறுந்தது. ஒரு நிமிடத்தில் மறுபடி வந்தது. மூச்சு வாங்கியது அவருக்கு.

"நீயா கட் பண்ணே?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினார். அதன் பிறகுதான் அப்பா போய்விட்டதைச் சொன்னார்.

இன்றும் அந்தக் குடும்பத்தில் யாருடைய அழைப்பு பாதியில் அறுந்தாலும் குற்றவாளி நான்தான். அக்காவின் அம்மா, ஊர் டவரில் கோளாறு என்று தெரிந்தாலும், திரும்ப லைன் கிடைத்ததும் முதலில் கேட்பது அதையேதான்:

"நிவேதா, கட் பண்ணிட்டியா தாயி?"

"இல்லம்மா. லைன்லதான் இருக்கேன்."