ஆடாத ஆடு

ஹட்டன் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்த அழகையா, ஒரு வெள்ளிக்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். வீட்டில் இனி ஆடு இருக்கக் கூடாது. ஆடு நிற்கிற கொட்டகையில் குதிரை நிற்காது. குதிரை வைத்திருந்தும் ஆட்டுப் புழுக்கையை மிதித்துக்கொண்டு திரிகிற மனிதனை உலகத்தில் எவனும் தொரை என்று கூப்பிட மாட்டான். ஆகவே ஆடுகள் போக வேண்டியதுதான். உறுதியான முடிவு, மாற்ற முடியாத முடிவு. அதில் ஒரே ஒரு குறை. மனைவி சண்முகவடிவிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

வாயைக் கொப்பளித்தார். முடிவில் பாதி அந்தத் தண்ணீரோடு போய்விட்டது.

குதிரை வந்த கதையே ஒரு தனிக் கூத்து. சுதந்திரம் வந்த பிறகு வெள்ளைக்காரத் தொரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு தொரை பங்களாவைக் காலி செய்தார். பியானோவுக்கு ஆள் கிடைத்தது. சாய்வு நாற்காலிக்கு ஆள் கிடைத்தது. கடிக்கிற நாய்க்குக்கூட ஆள் கிடைத்தது. குதிரைக்கு மட்டும் யாரும் அகப்படவில்லை. அது ஒரு காலத்தில் நுவரெலியா ரேஸில் ஓடிய குதிரை. ஓடியது என்றுதான் சொன்னார்கள். ஜெயித்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. பெட்டிகளுக்குப் பூட்டு கொண்டுபோய்க் கொடுக்கப் போன அழகையாவைத் தொரை தோளில் தட்டி, "மிஸ்டர் அழகையா" என்று கூப்பிட்டுவிட்டார். அந்த ஒரு மிஸ்டர் போதாதா? பூட்டோடு போனவர் குதிரையோடு திரும்பினார்.

தொரை வைத்த பெயர் டியூக். அழகையாவின் வாயில் அது டூக்கு ஆயிற்று. பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்து ஜனங்களின் வாயில் தூக்கு ஆயிற்று. சண்முகவடிவு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "யாரைத் தூக்க?"

சண்முகவடிவு கான்வென்டில் படித்தவள். சுத்தம், ஒழுங்கு, எதிராளியின் பொய்யை மூக்கால் மோந்து கண்டுபிடிப்பது ஆகிய மூன்றையும் கன்னியாஸ்திரிகளிடம் பழுதில்லாமல் கற்றுக்கொண்டு வந்தவள். வீட்டுக்குப் பின்னால் இருந்த சொந்த நிலத்தில், யாரோ வேண்டாமென்று விட்ட ஒற்றைக் குட்டியில் ஆரம்பித்து ஒரு மந்தையையே உண்டாக்கியிருந்தாள். வீட்டுக்குப் பால் அதில்தான். அவளுடைய காய்கறிப் பாத்தியில் லீக்ஸுக்கும் கோவாவுக்கும் எரு அதில்தான். லயத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்காவிட்டால் ஆள் வந்து நிற்பதும் அவள் வாசலில்தான். அந்த வீட்டில் கதவு முதல் கரண்டி வரை அழகையா வாங்கிப் போட்டது. ஆடுகள் மட்டும் அவளுடையவை. அவற்றுக்குத் தன்னைப் படிப்பித்தவர்களின் பெயரையே வைத்திருந்தாள். மூத்த ஆடு அக்னெஸ். அது முறைத்தால் அழகையா தன்னையறியாமல் வேட்டியைச் சரிசெய்துகொள்வார். தாடி வைத்த பெரிய கிடாவின் பெயர் பிஷப்பு.

இப்படிப்பட்டவளிடம் போய் ஆடுகளை விரட்டு என்று ஒரு ஆண்பிள்ளை எப்படிச் சொல்வான்? குதிரையோ கடை லொறிக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் நின்று, குரோட்டன்ஸ் செடிகளைத் தின்று, மழை பெய்தால் கனைத்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. நல்ல தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றுதான் இருந்தது. அதில் பிஷப்பு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. சண்முகவடிவுக்கு மேலே உத்தரவு போடக்கூடிய ஆள் யார் என்று அழகையா யோசித்தார். மாமனார் இறந்துவிட்டார். மாமியாருக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. கடைசியில் பார்த்தால் சாமி ஒருவர்தான் மிச்சம்.

சண்முகவடிவு அடுக்களையில் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். அழகையா நெற்றியில் விபூதியைக் கொஞ்சம் தாராளமாகவே பூசிக்கொண்டு உள்ளே போனார்.

"வடிவு, நான் முனியாண்டிக்கு ஒரு வேண்டுதல் வச்சிருக்கேன்."

"என்னன்னு?"

"நம்ம ஆடுகளைக் கோயிலுக்குக் குடுத்துடறதுன்னு. கிடாவை வெட்டறது, மத்ததை அங்கேயே விட்டுடறது. போன மாசம் லொறி நோட்டன் பிரிட்ஜ் வளைவுல சறுக்குச்சில்ல, அப்ப நேந்துக்கிட்டேன்."

"அப்ப நீங்க கடையிலதானே இருந்தீங்க?"

"உடம்புதான் கடையில இருந்துச்சு. மனசு லொறியில."

"லொறி சறுக்கினதே மறுநாள் டிரைவர் வந்து சொல்லித்தானே தெரியும்?"

"தெரிஞ்ச உடனே நேந்துக்கிட்டேன்."

"தப்பிச்சு வந்த லொறியைக் காப்பாத்தச் சொல்லியா?"

அழகையா குரலைத் தாழ்த்தினார். "சாமி விஷயத்துல குறுக்கு விசாரணை பண்ணக் கூடாது வடிவு."

"நான் சாமியை ஒண்ணும் கேக்கலைங்க."

கத்தியைப் பலகையில் வைத்தாள். பிறகு அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி. சாமி காரியம். செஞ்சுடுவோம்" என்றாள்.

அழகையா கைவசம் இன்னும் நாலைந்து பொய் தயாராக வைத்திருந்தார், அத்தனையும் வீண். சண்முகவடிவு எதற்காவது ஒரே பேச்சில் சரி சொன்னது இதற்கு முன்னால் ஒரு தடவைதான். அவர் பெண் பார்க்கப் போனபோது. அதன் பலனை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிற மனிதர் அந்த இடத்திலேயே சுதாரித்திருக்க வேண்டாமா? சுதாரிக்கவில்லை. சந்தோஷம் ஆண்பிள்ளைகளின் காதைத்தான் முதலில் அடைக்கும்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் அவள் கேட்டாள். முறைப்படி உத்தரவு கேட்க வேண்டாமா? அந்த வழக்கம் மலையில் குழந்தைக்கும் தெரியும். நேர்ந்துவிட்ட ஆட்டின் தலையிலும் முதுகிலும் பூசாரி மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் சாமிக்கு வேண்டாம். அப்புறம் அந்த ஆட்டை எவனும் தொட முடியாது, விற்கவும் முடியாது. ஒன்று விடாமல் எல்லா ஆட்டையும் கேட்கணும் என்றாள். அழகையா பெருந்தன்மையாகச் சம்மதித்தார். ஹட்டன் குளிரில், அதிகாலையில், முதுகில் தண்ணீர் விழுந்தும் சிலுப்பாத ஆடு ஒன்று இருந்தால் அதைக் கண்காட்சியில்தான் வைக்கணும்.

பூசாரி மாயாண்டியிடம் அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அதன் பிறகு வீட்டில் ஆடுகளுக்கு ராஜ உபசாரம் நடந்தது. சாயங்காலமானால் கொட்டகைக்குள் போய் ஒவ்வொன்றையும் தேய்தேய் என்று தேய்த்தாள். பிஷப்பு, புதிதாகப் பாலிஷ் போட்ட மேசை மாதிரி மின்னியது. சாமிக்குப் போகிற ஜீவன், பளபளவென்று போகட்டுமே என்றாள். அந்த வாரம் தோசை மட்டும் வரட்டியாக வந்தது. நல்லெண்ணெய் எங்கே என்று அழகையா கேட்டதற்குத் தீர்ந்துபோச்சு என்று பதில் வந்தது. எண்ணெய் தீர்வது வீட்டில் வழக்கம்தானே என்று அவர் தோசையை விழுங்கினார்.

அது மட்டுமா? கோயிலுக்குக் குதிரையிலேயே வந்தால் என்ன என்று கேட்டவளும் அவள்தான். துணிக்கடைக் கந்தப்பன் புதிதாக மொரிஸ் மைனர் கார் வாங்கியிருந்தார். அதில் குடும்பத்தோடு வரப்போகிறாராம். நீங்க மட்டும் நடந்து வந்தா நல்லாவா இருக்கு என்றாள். அழகையாவின் நெஞ்சு விரிந்து கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்தது. இத்தனை வருஷம் இவளைப் புரிந்துகொள்ளாமல் போனோமே என்று வருத்தப்பட்டார்.

குதிரைக்கும் அவருக்கும் பாஷைதான் கொஞ்சம் தகராறு. "கோ" என்பார், "ரன்" என்பார், கடைசியில் "ப்ளீஸ்" என்பார். தூக்கு அசையாது. அடுக்களை ஜன்னலுக்குள்ளிருந்து சண்முகவடிவு "வாக் ஆன்" என்று ஒரு குரல் கொடுத்தால், ஸ்கூல் பிள்ளை மாதிரி உடனே நடக்கும்.

பூசை நாள் விடிந்தது. முனியாண்டி கோயில் தேயிலைச் சரிவுக்கு மேலே, ஒரு பெரிய மரத்தடியில் இருந்தது. கோயில் என்றால் ஒரு சூலம், ஒரு மேடை, அவ்வளவுதான். இரவில் குதிரையேறி வேட்டைக்குப் போகிற சாமிக்குச் சுவர் எதற்கு? லயத்து ஜனமெல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தது. தப்பு அடித்தார்கள். கந்தப்பனின் கார் பாதி ஏற்றத்தில் மூச்சுவாங்கி நின்றுவிட, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி வந்தார். அப்போதுதான் பனிக்குள்ளிருந்து, ஆடுகளோடு முன்னால் வந்த சண்முகவடிவின் "வாக் ஆன்" குரலைத் தொடர்ந்து, அழகையா குதிரைமேல் தோன்றினார். ஜனம் வழிவிட்டது. கந்தப்பன் வாயைப் பிளந்தார். அந்த நிமிஷம் உயிர் போயிருந்தாலும் அழகையா சந்தோஷமாகப் போயிருப்பார்.

இறங்கவில்லை. இறங்கினால் எல்லாரையும் போல ஆகிவிடுவோமே. ஆடுகளின் வரிசையை ஒட்டிக் குதிரையை நிறுத்திக்கொண்டு மேலேயே உட்கார்ந்திருந்தார்.

சண்முகவடிவு பயபக்தியோடு மஞ்சள் தண்ணீர்ச் செம்பைப் பூசாரியிடம் நீட்டினாள். செம்பிலிருந்து லேசாக ஆவி எழுந்தது. மலையில் அந்த நேரத்துக்கு மண்ணிலிருந்தும் மனிதர் வாயிலிருந்தும்கூட ஆவி எழும். அழகையா அதைக் கவனிக்கவில்லை.

மாயாண்டி சாமியை அழைத்து, பிஷப்பின் தலையிலும் முதுகிலும் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் சேம்பிலையில் விழுந்த மாதிரி உருண்டோடியது. பிஷப்பு கண்ணை மூடிக்கொண்டு, வெந்நீரில் குளிக்கிற மாப்பிள்ளை போல நின்றது. இன்னொரு தரம் ஊற்றினார். அது அசைபோட ஆரம்பித்தது. அக்னெஸிடம் போனார். அக்னெஸ் அவரை முறைத்தது. பூசாரி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்றாவது சிலுப்ப வேண்டுமே. தப்புச் சத்தம் தானாகவே தளர்ந்து நின்றது.

"என்னங்கடா இது, ஆடு ஆட மாட்டேங்குது" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பூசாரிக்கு வியர்த்தது. சாமி கோபமாக இருக்கிறதோ என்று ஜனம் முணுமுணுத்தது. அப்போது சண்முகவடிவு, புதுப்பெண் மாதிரிக் குரலை மெதுவாக்கிக்கொண்டு கேட்டாள்.

"பூசாரி ஐயா, ஒருவேளை சாமிக்கு ஆடு வேணாமோ என்னமோ. இவரு வீட்டுல வேற எதையாச்சும் மனசுல நெனைச்சிருக்குமோ?"

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் குனிவதற்கு முன்னால் அவள் கண் ஒரு திசையில் போய் வந்தது. பூசாரியின் கண்ணும் அந்தத் திசையில் போனது. பிறகு ஊரின் கண் முழுவதும் போனது.

"இது வேண்டுதல்ல இல்ல" என்றார் அழகையா, மேலேயிருந்து.

"சாமி வேட்டைக்குப் போறது எதுல மொதலாளி?" என்று கேட்டார் மாயாண்டி.

அழகையா யோசிப்பதற்குள் சண்முகவடிவு இரண்டாவது செம்பை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அது அப்போதுதான் பக்கத்து ஓடையில் மொண்டது. விரலை விட்டால் விரல் மரத்துப்போகும். பூசாரி அதை அப்படியே குதிரையின் கழுத்தில் கவிழ்த்தார்.

தூக்கு காது நுனியில் ஆரம்பித்து வால் நுனி வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது. அழகையா உடனே குதிரையைவிட்டு இறங்கினார். விழுந்தார் என்று சொல்கிறவர்கள் கந்தப்பனின் ஆட்கள்.

குலவைச் சத்தம் மலையை அதிரவைத்தது. தப்பு மறுபடி முழங்கியது. முனியாண்டி தனக்கு வாகனம் கேட்டுவிட்டாராம்; இந்த மலையிலேயே இப்படி ஒரு பாக்கியம் எவனுக்கும் கிடைத்ததில்லையாம். சேற்றிலிருந்து எழுந்திருக்க அழகையா பக்கத்தில் நின்ற பிஷப்பின் முதுகைப் பிடித்தார். கை வழுக்கியது. உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு வாரத்துத் தோசையின் வாசனை முழுவதும் அங்கே இருந்தது.

மனைவியின் காதருகே போய்ப் பல்லைக் கடித்தார். "வடிவு, இது நல்லெண்ணெய்."

"ஆமாங்க. எல்லார்கிட்டயும் சொல்லுங்க. லொறி எப்ப சறுக்குச்சு, நீங்க எப்ப நேந்தீங்கன்னு நானும் சொல்றேன்."

அழகையா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கோயிலில் குதிரை கட்ட இடமில்லை. ஆகவே பூசாரி ஒரு தீர்ப்புச் சொன்னார். சாமியின் குதிரை மொதலாளி வீட்டிலேயே நிற்கட்டும். புல் அறுத்துப் போட்டு, தேய்த்துக் கழுவி, சாணம் அள்ளுகிற ஊழியம் நேர்ந்துகொண்டவருடையது. கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. முக்கியமான விஷயம், சாமி உட்கார்ந்த முதுகில் இனி ஆம்பளை எவனும் ஏறக் கூடாது.

தூக்கு அன்று சாயங்காலமே ஆட்டுக் கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்தது. பிஷப்பு கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. அன்றிலிருந்து கனைப்பும் நின்றது; தனியாக நின்ற சங்கடத்தில்தான் அது அவ்வளவு நாளும் ஊரைக் கூட்டியிருக்கிறது. அழகையா விடியற்காலையில் எழுந்து, தலையில் கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டு, அரிவாளோடு புல்லுக்குப் போனார். புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு வரும்போது எதிரில் மொரிஸ் மைனர் வந்தால் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி நின்றுகொள்வார்.

ஒருநாள் புல்லுக்கட்டோடு அவர் திரும்பியபோது, முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டு நின்ற குதிரையின் முதுகில் அக்னெஸின் குட்டி ஏறி நின்றது. நாலு காலையும் அழுத்தமாக ஊன்றி, கழுத்தை நிமிர்த்தி, மலையடிவாரம் வரைக்கும் தேயிலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கு ஆனந்தமாகக் காதை ஆட்டியது. அழகையாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கட்டைப் போட்டுவிட்டுக் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"விடுங்க" என்றாள் சண்முகவடிவு, அடுக்களை ஜன்னலிலிருந்து. "அது பொட்டைக்குட்டிதான்."