நாற்பத்திரண்டு அடி லட்சுமி

அப்போ எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. வீடு வாங்க இடம் பார்க்கணும். பிடிச்சிருந்தா சரின்னு சொல்லணும். பிடிக்கலைன்னா வீட்டுக்குத் திரும்பி வந்து சாப்பிடணும். இதுல தப்பு நடக்க இடமே இல்லைன்னு நினைச்சேன்.

ராயபுரத்துல நாங்க இருந்தது வாடகை வீடு. ஐப்பசி பிறந்ததுமே வீட்டுக்காரர் வந்துட்டார்.

"சார், தையில என் பையனுக்குக் கல்யாணம். மார்கழியில நீங்களும் குடி மாற மாட்டீங்க. அதனால கார்த்திகை முடியறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க."

நியாயமான மனுஷன். பஞ்சாங்கத்தையே துணைக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டார். சரின்னு தலையாட்டிட்டேன்.

என் மனைவி செண்பகம் அடுப்படி மூலையில கிடந்த அம்மியை ஒரு பார்வை பார்த்தா. திருநெல்வேலியிலிருந்து ரயில்ல ஏத்திக் கொண்டுவந்த அம்மி அது. மெட்ராஸ் வந்து ஏழு வீடு மாறியாச்சு. ஏழு தடவையும் அதைச் சாக்குல சுத்திக் கட்டினது அவதான்.

"இன்னும் ஒரு தடவைதான் இதைத் தூக்குவேன். அது நம்ம சொந்த வீட்டுக்கா இருக்கணும். இல்லைன்னா நான் பிள்ளையளைக் கூட்டிக்கிட்டு அண்ணன் மாடிக்குப் போயிருதேன். நீங்க ஆபீஸ்லயே படுத்துக்கிடுங்க."

அவ அண்ணனுக்கு மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். கீழே கிடங்கு, மேலே மாடி. அந்த மாடியில தும்மாம ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. ஆனா மைத்துனர் மட்டும் எனக்குப் புத்தி சொல்றப்போ தும்மவே மாட்டார். எனக்கு அந்த மாடியை நினைச்சாலே மூக்கு அரிச்சுது.

பல வருஷமா சேர்த்த பணம் இருந்துச்சு. இடம்தான் வேணும். தரகர் கன்னியப்பனைப் பிடிச்சேன்.

முதல்ல எண்ணூர் காட்டினான். காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்து! அந்தக் காத்தையும் எதிர்த்துக்கிட்டு கொசு வந்து கடிச்சுது.

"பிள்ளைங்க ராயபுரம் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப்பா போகும்?"

"ரயில்ல போவும் நைனா."

"ரயில் எப்போ வரும்?"

"வர்றப்ப வரும்."

அடுத்து திருவொற்றியூர். ரயில் பாதைக்கு மேற்கே ஒரு ஓட்டு வீடு. கிணத்துத் தண்ணி நல்லா இருந்துச்சு. செண்பகம் ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டு, "இதுல பருப்பு வேகும்"னு சொன்னா. அவ அகராதியில அதுக்கு மேல பாராட்டு கிடையாது. அப்போ பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி போச்சு. அடுப்படியில வீட்டுக்காரம்மா அடுக்கி வெச்சிருந்த பாத்திரமெல்லாம் ஒரு குதி குதிச்சு அடங்குச்சு.

"இங்கேருந்து கடல் தெரியுமாப்பா?"ன்னு கேட்டேன்.

"ரயிலு தெரியும் நைனா."

வேண்டாம்னுட்டேன். செண்பகம் வர்ற வழியெல்லாம் ஜட்கா வண்டியிலேருந்து வெளியே பார்த்துக்கிட்டே வந்தா.

கடல் தெரியற வீடு வேணும்ங்கற என் ஆசைக்கு ஒரு காரணம் இருந்துச்சு. நான் துறைமுக ஆபீஸ்ல குமாஸ்தா. எத்தனை மணிக்குக் கடல் ஏத்தம், எத்தனை மணிக்கு வத்தம், எல்லாம் பேரேட்டுல பதியறது நான்தான். அப்போவே ஏழு வருஷமா கடலை எழுதிக்கிட்டிருந்தேன். அதுல கால் நனைச்சதில்லை, அது வேற விஷயம். கடலைப் பத்தி ராயபுரத்துல என்னைவிடத் தெரிஞ்சவன் யாருன்னு எனக்குள்ள ஒரு எண்ணம்.

மூணாவது இடம், காசிமேட்டுக்கு வடக்கே ஒரு காலி மனை. போய் நின்னதும் மயங்கிட்டேன். முன்னால ஒரு மணல் மேடு, அதுக்குக் கீழே கடல். காத்துல என் வேட்டி எனக்கு முன்னாடி வீட்டுக்குக் கிளம்புது! கொசு ஒண்ணுகூட இல்லை. இப்போதைக்கு ஒரு கூரை போட்டுக் குடிவந்துட்டா, வீட்டை மெதுவாக் கட்டிக்கலாம்னு கணக்குப் போட்டேன். கிழக்கு எல்லையில அழகா ஒரு கல் நட்டிருந்தாங்க.

குமாஸ்தா இல்லையா, பழைய பத்திரத்தை வாங்கிப் படிச்சேன். கிழக்கு எல்லைக்கு நேரா, 'தென்னந்தோப்பு'ன்னு போட்டிருந்துச்சு.

"தோப்பு எங்கப்பா?"

"அதெல்லாம் எப்பவோ பூட்ச்சி நைனா. தோப்பு இருந்தா உனுக்கு இந்தக் காத்து வருமா?"

கேட்டுக்கிட்டேன். காத்துக்காகத் தோப்பை எடுத்த அந்த முகம் தெரியாத மனுஷனுக்கு மனசுக்குள்ள நன்றியும் சொல்லிக்கிட்டேன்.

எங்க ஊர்ப் பக்கம் மனையடி பார்க்காம யாரும் இடம் வாங்க மாட்டாங்க. நீள அகலம் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பலன் உண்டு. எங்க ஊர்க்காரர் சுப்பையா ஆசாரியைக் கூட்டிக்கிட்டுப் போனேன். கல்லுலேருந்து கல்லுக்குக் கயிறு பிடிச்சார். கிழமேல் நாற்பத்திரண்டு அடி.

"அண்ணாச்சி! நாப்பத்திரண்டு! லட்சுமி குடியிருப்பா!"

வீட்டுக்கு வந்து செண்பகத்துக்கிட்ட மார்தட்டினேன். "லட்சுமியே குடியிருக்கப் போறா."

"அவளுக்கு நல்ல தண்ணி வேண்டாமா?"ன்னு கேட்டா. நான் காதுல வாங்கலை.

அடுத்த வாரம் வாசற்கால் வைக்க இடம் குறிக்கப் போனோம். நடுவுல நாலு நாள் நல்ல மழை. ஆசாரி மறுபடி கயிறு பிடிச்சார். பிடிச்சவர் அப்படியே நின்னுட்டார்.

"நாப்பத்தொண்ணு வருதே அண்ணாச்சி."

"போன வாரம் நாற்பத்திரண்டு சொன்னீரே?"

"போன வாரம் நாப்பத்திரண்டுதான் இருந்துச்சு."

நான் யோசிச்சேன். மனை எங்கேயும் போகாது. ஆசாரிக்கு எண்ணத் தெரியும். மிச்சம் இருக்கறது கயிறு. "மழையில நனைஞ்சு கயிறு நீண்டுட்டுது ஆசாரியாரே"ன்னு தீர்ப்பு சொன்னேன்.

அவருக்குக் கோவம் வந்துட்டுது. "எங்கப்பா காலத்துக் கயிறு இது! நாலு கோயிலுக்கு அளந்திருக்கு! இதையா நீண்டுட்டுதுங்கிய?"

கன்னியப்பன் நடுவுல பூந்து சமாதானம் பண்ணினான். "வுடு நைனா. நாப்பத்தொண்ணுக்கு இன்னா பலன்?"

"செல்வம் சேரும்"னார் ஆசாரி, முகத்தைத் திருப்பிக்கிட்டே.

"அப்றம் இன்னாத்துக்கு சண்ட?"

வாஸ்தவம்தானே! ஆனாலும் எனக்கு மனசு ஆறலை. ஆசாரி கயிறு தப்புன்னு நிரூபிக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமை ஆபீஸ்லேருந்து இரும்பு நாடாவை இரவல் வாங்கிட்டுப் போனேன். கயிறு நீளும், இரும்பு நீளுமா?

அளந்தோம். முப்பத்தொன்பது.

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் நாடாவைப் பார்த்தேன். கன்னியப்பன் வானத்தைப் பார்த்தான். மூணு பேரும் மூணு பக்கம் பார்த்தோம். கிழக்கே மட்டும் யாரும் பார்க்கலை.

"நாடா துருப்பிடிச்சிருக்கு"ன்னேன். துருப்பிடிச்சா நாடா எப்படி நீளும்னு யாரும் கேட்கலை. நானும் கேட்டுக்கலை.

ஆசாரிக்குத் தன் கயிறு ஜெயிச்ச சந்தோஷம். "முப்பத்தொன்பதும் நல்ல அளவுதான் அண்ணாச்சி. சுகம் உண்டு. நாப்பதுதான் ஆகாது, வெறுப்பு வரும். அந்த நாப்பதை ஒரே தாண்டாத் தாண்டி வந்திருக்கு பாருங்க!"

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இது கடவுள் செயல்னே முடிவு பண்ணிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை கையெழுத்துன்னு சொல்லிட்டேன். கார்த்திகை முடிய இன்னும் பதினஞ்சு நாள்தான் பாக்கி.

கன்னியப்பன், "பதினோரு மணிக்கு வந்துடு நைனா, அளந்துட்டு அப்டியே ரிஜிஸ்டர் ஆபீஸ் பூடலாம்"னு சொல்லியிருந்தான்.

செண்பகம் பஞ்சாங்கத்தை எடுத்தா. "வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிக்கு. பதினோரு மணிக்கா போவாக? ஒம்பதுக்கே போவோம். நானும் வாரேன். கையெழுத்துப் போடுததுக்கு முன்னாடி இடத்தை ஒரு தடவை கண்ணால பாத்துக்கிடுதேன்."

அவ இடத்தையே இன்னும் பார்க்கலைன்னு அப்போதான் எனக்கு உறைச்சுது. காட்டணும்னு எனக்குத் தோணவே இல்லை. ஏன்னா கடல் விஷயத்துல நான்தான் நிபுணன்.

ஒன்பது மணிக்கு நான், செண்பகம், ஆசாரி மூணு பேரும் போய் இறங்கினோம்.

கன்னியப்பன் ஏற்கெனவே அங்கே இருந்தான். கிழக்கு எல்லைக் கல்லைப் பிடுங்கி, பச்சைப் பிள்ளையைத் தூக்கற மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, மேற்கே நடந்து வந்துக்கிட்டிருந்தான்.

எங்களைப் பார்த்ததும் நின்னான். கல்லைக் கீழேயும் போடலை. மறைக்கறதுக்கும் வழியில்லை.

"இன்னா நைனா, சீக்கிரமா வந்துட்ட?"

"கல்லை எங்கப்பா தூக்கிட்டுப் போற?"

"மண்ணு சரியுது நைனா. வுட்டா கடலுக்குள்ள வுழுந்துடும். கல்லுக்கு ஒரு பாதுகாப்பு வாணாமா?"

"எத்தனை தடவை தூக்கினே?"

"நீ வர்றப்பல்லாம்தான்."

அவன் குரல்ல ஒரு தப்பும் இல்லை. செய்யற உதவியைச் சொல்லிக் காட்டக் கூடாதுன்னு இருந்தவன் மாதிரி சொன்னான்.

அந்த நேரத்துல கூடையோட ஒரு அம்மா மேட்டுல ஏறி வந்தாங்க. அந்தோணியம்மா. எங்க தெருவுக்கு மீன் கொண்டுவர்றவங்க. பக்கத்துக் குப்பத்துலதான் வீடுன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்.

"இன்னா தங்கச்சி, இந்தாண்ட?"

"இடம் வாங்குதோம் அக்கா"ன்னு செண்பகம் மெதுவாச் சொன்னா.

"எங்க?"

செண்பகம் காலடியைக் காட்டினா.

அந்தோணியம்மா கூடையை இறக்கி வெச்சாங்க. "இதயா? இத வாங்கறதுக்கு துட்ட நேரா கடலுலயே போடலாமே! அதோ, கடலுக்குள்ள ஒரு போட்டு நிக்குதே, அதுக்கு நேராதான் தென்னந்தோப்பு இருந்திச்சி. எங்கப்பன் அங்க தேங்கா பொறுக்கினான். நாங்க மூணு தபா குடிசைய தூக்கி பின்னால வெச்சிகினோம். ஹார்பர் சுவரு வந்ததுலேர்ந்து அந்தாண்ட மணலு சேந்துகினே போவுது, இந்தாண்ட கடலு துன்னுகினே வருது. நைனா அந்த ஆபீஸ்ல தான வேல செய்யிறாரு? அவுரு சொல்லலியா?"

நைனா சொல்லலை. நைனாவுக்குத் தெரியாது. நைனா மேசைக்கு நேர் எதிர் ஜன்னல்ல அந்தச் சுவர் ஏழு வருஷமாத் தெரியுது.

எனக்கு அவமானமா இருந்துச்சு. விளையாட்டுக்குச் சொல்லலை. அந்த மண்ணுலயே புதைஞ்சு போனா தேவலைன்னு இருந்துச்சு. அதுக்கும் அங்கே மண்ணு போதாது.

"தெரியாமத்தான் கேக்கேன்"னா செண்பகம். "ஆபீஸ்ல நீங்க எழுதுதது இந்தக் கடலைத்தானா, வேற எதுவுமா?"

அதுக்குள்ள ஆசாரி ஒரு காரியம் பண்ணினார். வந்த வேலையை முடிக்காமப் போறது அவர் வழக்கம் இல்லை. கயிற்றை எடுத்துப் பிடிச்சார். மண் முடியற இடம் வரைக்கும் அளந்தார்.

"முப்பத்தெட்டு."

"பலன்?"

"பிசாசு குடியிருக்கும்."

எல்லாரும் கன்னியப்பனைப் பார்த்தோம். அவன் இன்னும் கல்லைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுதான் நின்னான்.

செண்பகம் திட்டலை, அழலை. ஜட்காவுல ஏறி உட்கார்ந்தா. மைத்துனர் மாடிக்குத்தான் வண்டி போகப் போகுதுன்னு எனக்கு மறுபடி மூக்கு அரிச்சுது. பத்து நாள்ல நான் எங்கே போய் இன்னொரு இடம் தேட?

அவ அந்தோணியம்மாவைக் கூப்பிட்டா. "அக்கா, நீங்களா இருந்தா எங்க வாங்குவிய?"

"நானா? கடலு சத்தம் காதுல வுழாத எடமா பாத்து வாங்குவேன்."

செண்பகம் வண்டிக்காரனைப் பார்த்துச் சொன்னா. "திருவொற்றியூர் போப்பா. ரயில் பாதைக்கு மேக்கே."

அந்த ஓட்டு வீடு அப்படியேதான் இருந்துச்சு. வாங்க வந்தவங்க எல்லாரும் பாத்திரம் குதிக்கறதைப் பார்த்துட்டு ஓடிப்போயிருந்தாங்க. அன்னிக்குச் சாயங்காலமே பேசி முடிச்சோம். கன்னியப்பனும் பின்னாலேயே வந்து சேர்ந்துட்டான்.

"இத நான் மொதல்லயே காட்டினேன்ல நைனா?"

காட்டினான்தான். அந்த உண்மையை என்னால மறுக்க முடியலை.

கார்த்திகை முடிய ரெண்டு நாள் இருக்கும்போது பால் காய்ச்சினோம். பால் பொங்கற நேரத்துல ஒரு கூட்ஸ் வண்டி வந்து மிச்சத்தையும் பொங்க வெச்சுட்டுது. செண்பகம் சாக்கை அவிழ்த்து, அம்மியை அடுப்படி மூலையில போட்டா. அவ முகத்துல அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

சும்மா இருந்திருக்கலாம். ஆசாரியார் சாப்பிட்டுக் கை கழுவினவர், பழக்க தோஷத்துல கயிற்றை எடுத்து வீட்டை அளந்துட்டார். அளந்துட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"அண்ணாச்சி, கிழமேல் முப்பத்திநாலு வருது."

"அதுக்கென்ன பலன்?"

"குடியிருக்கவன் வீட்டை விட்டு ஓடுவான்."

அடுப்படியிலேருந்து செண்பகம் குரல் வந்துச்சு. "அவுக ஓடுனா ஓடட்டும் ஆசாரியாரே. வீடு ஓடாம இருந்தாச் சரி."

இன்னியோட மூணு வருஷமாகுது. பாத்திரம் மட்டும்தான் அப்பப்போ ஓடுது.