பதினேழு பாத்திரங்களும் திருத்தணி பஸ்ஸும்

திருத்தணிக்கு மாறிப் போவது என்று நான் முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் நான் முடிவு செய்வது அபூர்வம் என்பதால் நாளைக் குறித்து வைத்திருக்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, மார்ச் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, காலைக் காபிக்கு முன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் எல்லை பிரித்து முடித்திருந்தார்கள். திருத்தணி மதராஸ் பக்கம் போகிறது, சத்தியவேடு எங்கள் ஆந்திரா பக்கம் வருகிறது. சித்தூரில் நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீசில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். எந்த ஊரில் வேலை பார்க்க விருப்பம் என்று அதில் ஒரு கட்டம். மார்ச் முப்பதாம் தேதி அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சித்தூரிலேயே இருந்தால் தெலுங்குப் பரீட்சை எழுத வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை எழுதி, திருத்தியவரை இரண்டு முறையும் வருத்தப்பட வைத்திருக்கிறேன். திருத்தணியில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே என் அண்ணன் திருமலையின் வீடு இருக்கிறது. எட்டு அறைகள், ஒரு கேரம் பலகை. வேறென்ன வேண்டும் மனிதனுக்கு?

என் மனைவி சுந்தரிக்கு அந்த எட்டு அறைகளில் ஒன்றுதான் கண்ணில் பட்டது. சமையலறை. அதில் என் அண்ணி சென்னம்மா.

"ஏங்க, உங்க அண்ணி வூட்டுல உப்பு எங்க கீதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டா, 'உனக்கு இன்னாத்துக்கும்மா, நான் போடறேன்'ன்றாங்க."

"அது மரியாதை சுந்தரி."

"பதினோரு வருசமாவா?"

இதற்குப் பதில் இருந்தால் நான் பரீட்சையிலும் தேறியிருப்பேன். அவளே, நான் எதிர்பார்க்காத விதமாக, "சரி, போலாம்" என்றாள்.

"நெசமாவா?"

"ஆனா இத்த இன்னா பண்றது?"

சமையலறை அலமாரியின் இரண்டு கதவுகளையும் திறந்தாள். உள்ளே ஜாடிகள், தூக்குகள், சம்படங்கள். எலுமிச்சை ஊறுகாய், உப்பு நார்த்தங்காய், சுண்டை வற்றல், கத்தரி வற்றல், வெங்காய வடகம், கேழ்வரகு மாவு, கொள்ளு, வேர்க்கடலை, மாம்பழச் சாற்றை உலர்த்திச் செய்த போன வருஷத்துத் தாண்ட்ரா, அதற்கு முந்தின வருஷத்து ஏதோ ஒன்று. எண்ணினேன். பதினேழு பாத்திரங்கள்.

"தூக்கிக்கினு போனா வழியில ஜாடி ஒடையும். வீசிட்டுப் போனா எனக்கு மனசு ஆறாது. எல்லாம் துன்னு தீரட்டும். தீர்ந்த மறுநாளே பஸ் ஏறிடலாம்" என்றாள்.

"தீரலைன்னா?"

"இருபத்தொம்பதாம் தேதி சாயங்காலம் இந்த அலமாரியில ஒரு பாத்திரத்துலயாவது எதுனா இருந்தா, படிவத்துல சித்தூருன்னு எழுதிடுங்க."

நான் விவரமானவன். நிபந்தனை போட்டேன். "அதுவரைக்கும் நீ புதுசா எதுவும் செஞ்சு ரொப்பக் கூடாது."

"ஒரு வடகம் கூடப் பிழிய மாட்டேன். கையடிங்க."

கையடித்தேன். நான்கு வாரம். பதினேழு பாத்திரம். பாவம், ஏமாந்துவிட்டாளே என்று அன்று இரவு அவளுக்காகக் கொஞ்சம் வருத்தப்படக்கூடச் செய்தேன்.

மறுநாளிலிருந்து சாப்பிட்டேன். காலையில் கேழ்வரகுக் களியும் எலுமிச்சை ஊறுகாயும். மத்தியானம் சுண்டை வற்றல் குழம்பும் உப்பு நார்த்தங்காயும். சாயங்காலம் வடகத்தைப் பொரித்து, அதற்குத் தொட்டுக்கொள்ள வேறொரு வடகம். நான்காம் நாள் கனவிலும் தண்ணீர் குடித்தேன். ஆபீசில் என் பக்கத்து நாற்காலிக்காரர் சிவசங்கரன் தன் நாற்காலியை ஒரு முழம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"இன்னா நாகபூஷணம், ஒடம்பு கிடம்பு சரியில்லையா? கிட்ட வந்தா பெருங்காய டப்பாவத் தெறந்த மாதிரி கீது."

"ஊருக்குப் போறேன் சார்."

"இப்படியே போனா ஊருக்கு முன்னாடி வாசனை போயிடும்."

ஒரு வாரம் கழித்து அலமாரியைத் திறந்து பார்த்தேன். காலியானது ஒன்றரைப் பாத்திரம். இந்த வேகத்தில் போனால் மே மாதக் கடைசி ஆகிவிடும். அதற்குள் என் வயிறு எந்த மாநிலத்திலும் சேர்த்துக்கொள்ள முடியாத நிலைக்கு வந்துவிடும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எல்லாவற்றையும் நானே சாப்பிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது? தெருவில் பன்னிரண்டு வீடுகள். பங்கு போட்டுக் கொடுத்துவிட்டால்?

சுந்தரியிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"குடுங்களேன். நல்ல காரியந்தானே. ஆனா எலையில கட்டிக் குடுக்காதீங்க, மரியாதையா இருக்காது. நம்ம பாத்திரத்தோட குடுங்க. எல்லாத்துலயும் என் பேரு வெட்டியிருக்கு, ஜாடிங்கள மட்டும் சொல்லிக் குடுங்க. எங்கயும் போயிடாது."

பாத்திரம் தொலைந்துவிடுமே என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். அவள் சொன்னபடியே செய்தேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒரு கையில் தூக்கும் ஒரு கையில் ஜாடியுமாக, தெருவில் ஏழு நடை நடந்தேன். அன்று மாலை அலமாரியில் சரக்கோடு இரண்டே பாத்திரங்கள். கதவைத் திறந்து வைத்து, அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தேன்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு லட்சுமம்மா வந்தாள்.

"அண்ணய்யா, இந்தாங்க உங்க தூக்கு."

"அப்படி வெச்சிட்டுப் போம்மா. இன்னா இது, கனமா கீது?"

"கந்திப்பொடி. துவரம்பருப்பு வறுத்து நேத்துதான் இடிச்சது. சூடு சோத்துல நெய்யோட பெசைஞ்சு துன்னுங்க."

"நான் கேக்கலையேம்மா."

"கேட்டாதான் குடுப்பாங்களா? வட்டி கின்னெ எட்லா இஸ்தாமு அண்ணய்யா?"

வெறும் பாத்திரத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்கிறாள். இந்தத் தெலுங்கு மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் தமிழ் வீடானாலும் தெலுங்கு வீடானாலும் இது ஒன்றுதான் வழக்கம். ஒரு வீட்டுப் பாத்திரம் நம் வீட்டுக்கு வந்தால் வெறுமையாகத் திரும்பாது. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். பிறந்ததிலிருந்து இதைப் பார்க்கிறேன். எனக்கு மறந்துபோனது. சுந்தரிக்கு மறக்கவில்லை.

"தாராளமா வெறும் பாத்திரமாவே குடுக்கலாம்மா. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"நீங்க நெனைக்க மாட்டீங்க. மகாலட்சுமி நெனைப்பா."

ஒரு பிடி சர்க்கரை அளவில் நின்றிருந்தாலும் சமாளித்திருப்பேன். ஆனால் அது மார்ச் மாதம். புதுப் புளி, புது வெல்லம் வருகிற காலம். தெருவில் ஒவ்வொரு மொட்டை மாடியிலும் வடகமும் அப்பளமும் காய்கிற காலம். என் தூக்குகளை, எல்லோரும் கையில் கரண்டியோடு நிற்கும் சமயம் பார்த்து அனுப்பியிருக்கிறேன். ஒரு வாரத்துக்குள் எல்லாம் திரும்பி வந்தன. பாதியாகப் போன ஜாடி முழுசாக வந்தது. மூடி போட்டுப் போன சம்படம் மூடி போட முடியாமல் வந்தது.

ஒரு வீட்டில் கெஞ்சியே பார்த்தேன். "பாத்திரத்த நீங்களே வெச்சுக்குங்கம்மா."

"பேரு வெட்டின பாத்திரத்த வெச்சுக்கினா ஊரு எங்கள இன்னான்னு சொல்லும்?" என்று அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு, கோபத்தோடேயே அரை வீசை வெல்லம் போட்டுக் கொடுத்தாள்.

உகாதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

சுந்தரி சொன்ன சொல் தவறவில்லை. ஒரு வடகம் பிழியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அலமாரியைப் பார்த்து, "ஏங்க, இந்த ஊருல யாருகிட்ட குடுத்தாலும் இப்படித்தான் ஆவும்போல" என்று மட்டும் சொன்னாள்.

இந்த ஊரில். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். இருபத்தெட்டாம் தேதி விடியற்காலையில் இரண்டு பெரிய கூடைகள் வாங்கி வந்தேன். வைக்கோலைப் பரப்பி, பதினேழு பாத்திரங்களையும் ஜாடி உடையாமல் அடுக்கினேன். முதல் பஸ் கண்டக்டர் நாகேந்திரன் எனக்குத் தெரிந்தவன். "திருத்தணியில எங்க அண்ணன் வூட்டுல எறக்கிடுப்பா" என்று ஏற்றிவிட்டேன். திருத்தணியில் குடியேறப் போகிற பாத்திரங்கள் முன்னால் போய் இடம் பிடித்துக்கொள்ளட்டும். எங்கள் அலமாரியில் இருந்தது காற்று ஒன்றுதான். அந்தக் காற்றைச் சுந்தரிக்குக் காட்டினேன். "கெட்டிக்காரருதான்" என்றாள்.

இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் நான்கு மணிக்கு வாசலில் நாகேந்திரன் குரல் கேட்டது. "சாமி, கூடையப் புடிங்க."

மூன்று கூடைகள்.

அண்ணி எல்லாவற்றையும் தன் ஜாடிகளில் இறக்கிக்கொண்டு, தன் வீட்டுச் சரக்கை நிரப்பி அனுப்பியிருக்கிறாள். பதினேழு பாத்திரங்களும் கழுத்து வரை நிரம்பியிருந்தன. மூன்றாவது கூடையில் அண்ணியின் சொந்தப் பித்தளை அடுக்கு, அதன் நிறைய எள்ளுருண்டை. மூடியின் அடியில் ஒரு தபால் கார்டு செருகியிருந்தது. எனக்கு என்று நினைத்து எடுத்தேன். சுந்தரிக்கு.

"சுந்தரிக்கு ஆசீர்வாதம். உன் கார்டு பதினைந்து நாள் முன்பே கிடைத்தது. கொழுந்தனார் இருபத்தெட்டாம் தேதி வாக்கில் கூடை அனுப்புவார் என்று எழுதியிருந்தாய். சரியாக வந்தது. நீ அங்கேயே சௌக்கியமாக இரு. நானும் இங்கே சௌக்கியம். சென்னம்மா."

இரண்டு அரசாங்கங்கள் வருஷக்கணக்கில் பேசித் தீர்த்த எல்லையை இந்த இரண்டு பேரும் ஒரு கார்டில் தீர்த்துவிட்டிருந்தார்கள்.

"இந்த அடுக்கு அண்ணியோடது. திருப்பி அனுப்பணும். இன்னா போட்டு அனுப்பலாம்?" என்றாள் சுந்தரி. நான் எள்ளுருண்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆனாலும் எனக்கு ஒரு கடைசி வழி இருந்தது. கட்டத்தில் ஒன்றும் எழுதாதவர்களை மேலிடமே தன் இஷ்டப்படி ஒரு பக்கம் அனுப்பிவிடும் என்று ஆபீசில் பேச்சு. சித்தூர் என்று எழுத வேண்டும் என்றுதானே கையடித்தேன், எப்போது எழுதுவது என்று சொல்லவில்லையே. அதிர்ஷ்டம் இருந்தால் திருத்தணி. முப்பதாம் தேதி காலையில் படிவத்தை வெறுமையாகவே நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

வாசல்படியில் சுந்தரி கையை நீட்டினாள். கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள்.

"ஏங்க, ஆபீசுக்காரங்க குடுத்த காயிதம். அத்தப் போயி காலியாவா திருப்பிக் குடுப்பாங்க?"

என் பேனாவை நீட்டினாள். அதிலும் மை நிரப்பி வைத்திருந்தாள்.