மைனஸ் இருநூறு கோடியாவது எழுத்து

செத்துப்போன ப்ரோகிராம், உயிர் போகும் நேரத்தில் ஃபைலின் மைனஸ் இருநூறு கோடியாவது எழுத்தைப் படித்துக்கொண்டிருந்ததாக டிபக்கர் சத்தியம் செய்தது.

டிபக்கர் என்பது செத்த ப்ரோகிராமுக்குப் போஸ்ட்மார்ட்டம் செய்கிற ப்ரோகிராம். அதை எழுதிய புண்ணியவான் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையை மறுபடியும் பார்த்தார். எந்த ஃபைலிலும் முதல் எழுத்துக்கு முன்னால் எழுத்து கிடையாது.

"என்ன மாப்ள, உங்க டிபக்கர் உளறுதாமே?" என்று வந்து நின்றார் மேனேஜர். மனைவியின் அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். "கஸ்டமர் கத்துறாங்க. சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா உங்களை என்னால காப்பாத்த முடியாது."

"சின்ன விஷயம் மச்சான். இப்ப முடிச்சிடறேன்."

ஃபைலில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற எண்ணை டிபக்கரில் அவர் 'இன்ட்' என்ற டைப்பில், அதாவது ஒரு சின்னப் பாத்திரத்தில், வைத்திருந்தார். இருநூறு கோடியைக் கொஞ்சம் தாண்டினால் அது குப்புற விழுந்து மைனஸாகிவிடும். உடனே அதை மைனஸே தெரியாத 'அன்சைன்ட்' ஆக்கிப் புது சோர்ஸை, அதாவது டிபக்கரின் மூல வரிகளை, கஸ்டமருக்கு அனுப்பினார். இனி எப்படி வரும் மைனஸ்?

வரவில்லை. கஸ்டமர் ஆபீஸ் பெண்தான் போனில் வந்தாள்.

"சார், எங்க ப்ரோகிராம் மறுபடியும் செத்துடுச்சு. செத்த நேரத்துல அது எப்படி இருந்துச்சோ அப்படியே பிடிச்ச டம்ப்பை அனுப்பியிருக்கேன், பாருங்க."

பார்த்தார். முந்நூறு கோடி எழுத்துள்ள ஃபைலில் நானூற்றுச் சொச்சம் கோடியாவது எழுத்து என்றது டிபக்கர். காரணம் அவருக்கு உடனே புரிந்ததுதான் கொடுமை. படிக்க முடியாவிட்டால் 'மைனஸ் ஒன்று' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். மைனஸ் தெரியாத டைப் அதை நானூறு கோடியாக்கிவிடும். தன் கையாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டிருக்கிறார்.

மனைவியின் போன் வந்தது. "அண்ணன் பேசினாரு. உங்களால அவருக்கு அங்க தலைகுனிவாம்."

"ஒரு டைப்தான்மா மாத்தணும்."

"அதுக்கா காலையிலேர்ந்து?"

இந்த முறை 'லாங் லாங்'. எத்தனை கோடியானாலும் தாங்கும், மைனஸும் தெரியும். கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் மாற்றினார். கண்ணில் படாத ஓர் இடம் இன்ட்டாகவே இருந்து தொலைத்தது. குடத்துத் தண்ணீரை டம்ளரில் ஊற்றின கதைதான். அடுத்த டம்ப்பில் மறுபடியும் மைனஸ், ஆனால் வேறு மைனஸ்.

"பழையபடியே வச்சிடுங்க மாப்ள," என்றார் மச்சான். "அதுல ஒரு தப்புதான் இருந்துச்சு."

வைத்தார். அனுப்பினார். டம்ப் வந்தது. மைனஸ் இருநூறு கோடி. சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லைக்கே வந்தாயிற்று.

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் எழுதியதெல்லாம் வீண். ஓர் எண்ணை எதில் வைப்பது என்றுகூடத் தெரியாதவன் அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிக்கக் கிளம்பினான். வீட்டுக்குப் போய் எந்த முகத்தைக் காட்டுவது?

"என்னால முடியல மச்சான். நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல. ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன்."

சமாதானம் சொல்வார் என்று ஒரு நப்பாசை இருந்தது. மச்சானோ பேனாவை எடுத்து நீட்டினார்.

எழுதி, கையெழுத்துப் போட்டு, மச்சான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகு போன் அடித்தது. மச்சான் ஸ்பீக்கரைப் போட்டார். கஸ்டமர் ஆபீஸ் பெண்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க டிபக்கர் ஆரம்பத்திலேர்ந்து உண்மையைத்தான் சொல்லுது, எங்க ஆளு ஒருத்தர் ஃபைல் படிக்கிற வரிங்களை உங்க சோர்ஸ்லேர்ந்து அப்படியே சுட்டு எங்க ப்ரோகிராம்ல போட்டிருக்காரு, இன்னிக்கு நீங்க மாத்தி மாத்தி அனுப்புனதையும் ஒண்ணு விடாம போட்டுக்கிட்டே வந்திருக்காரு!"