யொலாண்டாவின் வேனுக்குச் சான்றிதழ்

பூசிய சோப்பு நுரை கொப்பளித்தது. குழாய் மூட்டில் கேஸ் கசிகிறது. யொலாண்டாவின் வேன் மூன்றாவது முறையும் தேறவில்லை.

பழைய தபால் வேன் அது. உள்ளே கட்டில், அடுப்பு, விளக்கு எல்லாம் வைத்து அவளே வீடாக்கியிருந்தாள். கேஸும் கரண்டும் பத்திரம் என்று பரிசோதகர் வில்கோ கையெழுத்துப் போட்டால்தான் அது மாரிபோர் நகரை விட்டுக் கிளம்பலாம்.

முதல் முறை, கசியும் கேஸ் வெளியேற சிலிண்டர் பெட்டியின் அடியில் ஓட்டை இல்லை. போடச் சொன்னார். அடுத்த முறை ஓட்டை இருந்தது. அதைப் போட்ட வேகத்தில் ஒயர் அறுந்திருந்தது. மாற்றச் சொன்னார். இப்போது புது ஒயரை நுழைக்கக் குழாயை நெம்பியதில் மூட்டு தளர்ந்துவிட்டது.

ஒவ்வொரு முறையும் அவள் முகம் வாடாமல் பிளம் கொழுக்கட்டைத் தட்டை நீட்டினாள். மனைவி போனபிறகு நின்றுகொண்டே ரொட்டி தின்று பழகிய வில்கோவுக்கு, உட்கார்ந்து சாப்பிடுவதே கூச்சமாக இருந்தது.

"கடலுக்குத் தனியாவா போறீங்க?" என்று கேட்டார்.

"வேற யாரு இருக்கா? பக்கத்து சீட்டு காலியாத்தான் கிடக்கு."

வில்கோ குனிந்து ஸ்பேனரைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

பரிசோதகர் பழுது பார்க்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை சொந்தச் சட்டையில், சொந்தக் கருவிகளோடு போய் நின்றார். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு, மரையை எந்தப் பக்கம் திருக வேண்டும், சிவப்பு ஒயர் எதற்கு என்றெல்லாம் கேட்டாள். அவர் பொறுமையாக விளக்கினார். எல்லாம் சரியானதும்தான் உறைத்தது: தன் கையால் செய்த வேலைக்குத் தானே கையெழுத்துப் போட முடியாது.

திங்கள்கிழமை, கூட வேலை செய்யும் தத்யானாவிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். பாவம், ஒன்றும் தெரியாத பெண்மணி, நீதான் போய்ப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றார்.

விலாசத்தைப் பார்த்த தத்யானா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யொலாண்டா டீச்சர் வேனா அண்ணே? தொழிற்பள்ளியில எனக்கு கேஸ் வேலையும் ஒயரிங்கும் சொல்லிக்கொடுத்ததே அவங்கதான்."