கலரை எடுத்துட்டா இன்னா மிச்சம்?

வில்லியனூர்
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மச்சான் ஃபிராங்க்ளினுக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் சூசைநாதன் எழுதுவது. மாதா தயவில் இங்கே நானும் உன் அக்காவும் மகள் சுகந்தியும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்குத் தனிக் கடிதம் எழுதவேண்டும். காரைக்காலில் நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நிற்க.

போன மாதம் நீ போனில், "மாமா, சுகந்தி கேமராவைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா கல்யாணத்துக்குப் போனது போதும், கிளார்க் பரீட்சை எழுதச் சொல்லுங்க" என்றாய். நானும் சரி என்று தலையாட்டினேன். போனில் தலையாட்டியதால் உனக்குத் தெரிந்திருக்காது. நல்லதாய்ப் போயிற்று, இப்போது அதே தலையை வேறு பக்கமாக ஆட்டுகிறேன். ஏன் என்று சொல்கிறேன் கேள்.

சுத்துக்கேணி சிவப்பிரகாசத்தை உனக்குத் தெரியாது. நிறையக் கரும்பு, நிறைய மீசை, கொஞ்சம்போலப் பொறுமை. மண்ணாடிப்பட்டு கொம்யூன் ஊர்களில் பாதிப் பேர் அவருக்கு உறவு, மீதிப் பேர் உறவாகப் போகிறவர்கள். அவர் மகள் கல்பனாவின் கல்யாணத்துக்கு நம் சுகந்திதான் போட்டோ எடுத்தாள். ஆல்பம் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை நான் இட்லியில் கை வைக்கிறேன், போன் அடிக்கிறது. "யாரு, போட்டோக்காரப் பொண்ணோட அப்பாவா? இன்னாய்யா இது, கல்யாண ஆல்பம் கேட்டா கருமாதி ஆல்பம் குடுத்துருக்குது உம் பொண்ணு? பாதிப் படம் கருப்பு வெள்ள! கலருக்கு எங்க வூட்ல பஞ்சமா? எல்லாத்தையும் மாத்திக் குடுக்கணும். இல்லன்னா தை மாசம் என் தம்பி பலராமன் வூட்டுக் கல்யாணத்துக்கு வேற ஆளு. எங்க சனம் பூரா சொல்லிடுவேன்!" எனக்குச் சட்னியே இறங்கவில்லை. மகளிடம் சொன்னால் அவள் தலை சீவிக்கொண்டே, "நேர்ல போயி பேசிக்கலாம்பா" என்கிறாள்.

அவள் பேசுவாள், சரி. கூடப் போகிற தகப்பன் ஒன்றும் தெரியாமல் நிற்கலாமா? திருபுவனை மில்லில் அத்தனை வருஷம் நூலின் தரம் பார்த்தவன் நான், இதையும் ஒரு கை பார்ப்போம் என்று என் போனில் இருக்கிற படங்களை எல்லாம் உட்கார்ந்து கருப்பு வெள்ளையாக மாற்றினேன். மச்சான், அந்த அநியாயத்தை எப்படிச் சொல்வேன். உன் அக்கா வைத்த இறால் தொக்கு, தார் போட்ட ரோடு மாதிரி ஆகிவிட்டது. வாசல் செம்பருத்தி எது, இலை எது என்று எனக்கே தெரியவில்லை. மாதா கோயில் தேர், அத்தனை பூவும் அத்தனை சீரியல் லைட்டும் போட்ட தேர், சிமெண்டு லாரி போல நின்றது. அது போதாதென்று, அந்தப் படத்தைக் கைதவறி எங்கள் மாதா கோயில் பங்கு மக்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டேன். "தேர் எப்ப எரிஞ்சுது?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். பங்குச்சாமியாரே போன் பண்ணி, யாருக்காவது காயமா என்று விசாரித்தார்.

ஆனால் ஒரே ஒரு படம், பக்கத்து வீட்டு நாகராஜன் மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற படம், அது மட்டும் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது! நனைந்த ரோடு மினுங்குகிறது, குனிந்த முதுகு தெரிகிறது, மழை ஒவ்வொரு கம்பியாகத் தெரிகிறது. கலரில் அது நாகராஜனும் அவன் பச்சை ரெயின்கோட்டும்தான். கலரை எடுத்த பிறகு அது மழை. சுகந்தியிடம் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, "கலரை எடுத்துட்டா இன்னா மிச்சம்னு பாருப்பா. மூஞ்சி, வெளிச்சம், நெழலு, ஏதாச்சும் மிச்சம் இருந்தா கலர எடு. ஒண்ணும் மிச்சம் இல்லன்னா, கலருதான் அந்தப் படம். அதத் தொடாத" என்றாள். எத்தனை பெரிய விஷயத்தை எப்படி எளிதாகச் சொல்லிவிட்டாள் பார்!

சுத்துக்கேணியில் எங்களை உட்காரச்சொல்லி மோர் கொடுத்தார்கள். கோபத்திலும் மோர் கொடுக்கிற வீடு நல்ல வீடு என்று கொஞ்சம் தைரியம் வந்தது. சிவப்பிரகாசத்தின் சம்சாரம் தனக்கொடி முதல் ஆளாக ஆல்பத்தை விரித்து, "இன்னாம்மா இது, காஞ்சிபுரம் போயி பாத்துப் பாத்து எடுத்த அரக்குப் புடவ, சமையக்காரர் துண்டு மாதிரி இருக்குதே?" என்றார். சுகந்தி மழுப்புவாள் என்று நினைத்தேன். அவளோ, "ஆமா ஆன்ட்டி, அது என் தப்பு. புடவைய பாக்க வேண்டிய படம், கலர்லதான் இருக்கணும். மாத்தித் தரேன்" என்று சொல்லி, தானே இன்னும் ரெண்டு படத்தைத் தேடி, இதுவும் தப்பு, அதுவும் தப்பு என்று எடுத்துக்காட்டினாள். சிவப்பிரகாசம் சண்டைக்கு மடித்துக் கட்டின வேட்டியை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.

பிறகு ஒரு கருப்பு வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி, "இத மட்டும் நல்லா பாருங்க அங்கிள். மொதல்ல இன்னா தெரியுது?" என்றாள். தாலி கட்டின பிறகு கல்பனா இவர் காலில் விழுந்து எழுந்திருக்கிறாள்; இவர் கை அவள் தலையில். அவர் குனிந்து பார்த்தார், கண்ணாடி போட்டுப் பார்த்தார். "என் கை தெரியுது" என்றார். கொஞ்சம் கழித்து, "பாப்பா சிரிக்குது" என்றார். குரல் இறங்கிவிட்டது. தனக்கொடி எட்டிப் பார்த்து, "யோவ், நீ அழுதியா? ஓமப்பொகைன்னு சொன்ன?" என்றதும் அவர், "பொகைதான்டி" என்று மீசையைத் துடைக்கிறார். மச்சான், நானும் என் மீசையைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தப் படம் பெரிசாகக் கூடத்துக்கு வேண்டுமாம். பலராமன் வீட்டுக் கல்யாணமும் சுகந்திக்குத்தான். வாசல் வரை வந்தவர், நிறுத்தியிருந்த புது சிவப்பு டிராக்டரைக் காட்டி, "இதையும் அதே மாதிரி கருப்பு வெள்ளையா எடுத்துக் குடும்மா" என்றார். வந்த கல்யாணம் போய்விடுமே என்று நான் அவசரமாகத் தலையாட்டினேன். என் மகள், "வேணாம் அங்கிள், செவப்ப எடுத்துட்டா செகண்ட்ஹேண்ட் டிராக்டர் ஆயிடும்" என்றாள். அந்த மனுஷன் சிரித்த சிரிப்பில் கொட்டகை மாடு கயிற்றை இழுத்தது. ஆமாம் போடுவதற்கும் முடியாது என்பதற்கும் இடம் தெரிந்த பெண்ணை, மச்சான், எந்தப் பரீட்சை வைத்துக் கண்டுபிடிப்பாய்? அதனால் கிளார்க் பேச்சை இனி எடுக்காதே. ஒரு படத்தில் எது இருக்கவேண்டும், எது போகவேண்டும் என்று அறிகிற கண்ணைக் கடவுள் நம் வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்.

உன் குடும்பத்தின் மேல் மாதாவின் கை எப்போதும் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
பெருமையோடு
சூசைநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் சுகந்தியிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவள், "கையி, வெளிச்சம்லாம் சரிதாம்பா. ஆனா அந்தப் படத்துல நான் கலர எடுத்ததுக்குக் காரணம் வேற. மண்டபத்து எல்இடி லைட்டுல அவரு மூஞ்சி ஊதாவாவும் கல்பனா மூஞ்சி பச்சையாவும் இருந்துச்சு. வேற வழி இல்ல" என்கிறாள். பரீட்சைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்ன என்று எதற்கும் விசாரித்து வை.